அறம், அருள், பகிர்வு: சிறப்புத் தேவையுடைய மாணவர்க்கான இசைக்கல்வி - காஞ்சிபுரத்தை முன்வைத்து ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

சிறப்புக் கல்வித் தேவையுடைய மாணவர்க்கு இசை இன்று பெரும்பாலும் சிகிச்சை என்னும் பெயரிலேயே வழங்கப்படுகிறது. அம்மாணவர் இசையைக் கற்பவராகக் கருதப்படும் இடங்கள் குறைவு. இந்நிலைக்குப் பின்னுள்ள மனப்பாங்கைக் காஞ்சிபுரத்தோடு தொடர்புடைய இலக்கிய மரபுகளின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது. மணிமேகலையில் அறமும், சுந்தரர், மூககவி வரலாறுகளில் அருளும், இரட்டைப்புலவர் மரபில் பகிர்வும் உடற்குறையை எதிர்கொள்ளும் மூன்று நோக்குகளாக அமைகின்றன. மூன்றாவது நோக்கே இசைக்கல்விக்கு அடிப்படையாகத் தக்கது என்பதையும், அதன்படி நம் தொடக்கநிலைப் பாடமுறையிலும் சேர்க்கை விதிகளிலும் மாற்றப்பட வேண்டியவை எவை என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: சிறப்புக் கல்வித் தேவை, இசைக்கல்வி, காஞ்சிபுரம், இரட்டைப்புலவர், சரளி வரிசை, உள்ளடங்கிய கல்வி.

முன்னுரை

பட்டு நெசவுக்கும் கோயில்களுக்கும் பெயர்பெற்ற காஞ்சிபுரம் இசை வரலாற்றிலும் தனியிடம் உடையது. லய நுட்பத்தால் புகழ்பெற்ற காஞ்சிபுரம் நயினாப் பிள்ளை (1889-1934) இவ்வூரினர். பக்கவாத்தியங்கள் பல சூழ அவர் நிகழ்த்திய முழுக் கச்சேரிகளும், அரிய தாளங்களில் அவர் பாடிய பல்லவிகளும் திருப்புகழும் இன்றும் பேசப்படுகின்றன. அரசின் கலை பண்பாட்டுத் துறை நடத்தும் மாவட்ட அரசு இசைப்பள்ளிகளுள் ஒன்று இந்நகரில் இயங்குகிறது. குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் ஆகிய ஏழு பிரிவுகளில் இத்தகைய பள்ளிகள் மூன்றாண்டுப் பயிற்சி அளிக்கின்றன.

இத்தகைய ஓர் ஊரில் பார்வைத்திறன், செவித்திறன், அறிவுசார் குறைபாடு உடைய குழந்தையோ, ஆட்டிசம், மூளை முடக்குவாதம் உடைய குழந்தையோ இசை கற்க வந்தால் நம் பாடமுறை அக்குழந்தையை எவ்வாறு எதிர்கொள்ளும் என்பதே இக்கட்டுரையின் வினா. ஆசிரியரின் பரிவு மட்டும் இதற்கு விடையாகாது. எது இசை, யார் மாணவர், எது தேர்ச்சி என்பன குறித்து நாம் வினவாமலே ஏற்றுக்கொண்டுள்ள கருத்துகளே அந்த எதிர்கொள்ளலைத் தீர்மானிக்கின்றன. அக்கருத்துகளின் வேர்களை இவ்வூரின் இலக்கிய மரபிலேயே காணலாம்.

1. காஞ்சி மரபில் மூன்று நோக்குகள்

முதலாவது, அறத்தின் நோக்கு. மணிமேகலையின் கச்சிமாநகர் புக்க காதையில், வறட்சியால் வாடிய காஞ்சிக்கு வரும் மணிமேகலை, அமுதசுரபியைக் கொண்டு பசித்தோர்க்கு உணவளிக்கிறாள். உணவு பெற வந்தோருள் பார்வையற்றோர், கேளாதோர், நடக்க இயலாதோர், பேச இயலாதோர் ஆகியோரைச் சாத்தனார் தனித்தனியே சுட்டுகிறார். பிற்காலச் சட்டங்கள் வகைப்படுத்தும் பிரிவினரை ஒரு காப்பியம் இத்துணைத் தெளிவாகப் பெயர் சுட்டி அழைப்பது எண்ணத்தக்கது. எனினும் அவர்கள் அங்குப் பெறுவோராக மட்டுமே வருகின்றனர். பசி நீக்கப்படுகிறது, அதற்கு மேல் அவர்கள் என்ன செய்யக்கூடும் என்னும் வினா எழவில்லை. பசிப்பிணியே காப்பியத்தின் மையமாதலின் இதனைக் குறையாகக் கூற இயலாது. ஆனால் கல்விக்கு இந்நோக்கு போதுமானதாகாது.

இரண்டாவது, அருளின் நோக்கு. பெரிய புராணத்தின்படி, சங்கிலியார்க்கு அளித்த உறுதியை மீறித் திருவொற்றியூரை நீங்கிய சுந்தரர் இரு கண்பார்வையையும் இழக்கிறார். திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் பெறுகிறார். காஞ்சி ஏகம்பத்தில் இடக்கண்ணும், திருவாரூரில் வலக்கண்ணும் பெறுகிறார். ஏழாம் திருமுறையின் 61ஆம் பதிகம் ஏகம்பத்தில் பார்வை பெற்ற நிகழ்வோடு இணைத்து ஓதப்படுகிறது. இதே ஊரின் காமாட்சியோடு தொடர்புடையது மூககவியின் வரலாறு. பிறவியிலேயே பேச்சற்றிருந்த ஒருவர் அன்னையின் அருளால் வாய் திறந்து ஐந்நூறு வடமொழிச் செய்யுள்களைப் பாடினார் என்பதும், அவையே மூகபஞ்சசதி என்பதும் மரபு. இவ்விரு வரலாறுகளிலும் பாட்டு, குறை நீங்குவதற்கான வழியாகவோ குறை நீங்கியதற்கான சான்றாகவோ அமைகிறது. குறை நீங்குவதே கதையின் உச்சம்.

இங்கு ஒரு நுட்பத்தைக் கருத வேண்டும். சுந்தரர் பதிகங்களைப் புராணக் கதையிலிருந்து சற்றே பிரித்துப் படித்தால் வேறொன்று தென்படும். ஒற்றியூர்ப் பதிகமும் (54) வெண்பாக்கப் பதிகமும் (89) பார்வை மீள்வதற்கு முன் பாடியனவாகப் போற்றப்படுபவை. அவற்றில் ஒலிப்பது, பார்வையின்றி வழி நடக்கும் ஒருவர் தம் இன்னலை இறைவனிடம் உரிமையோடு முறையிடும் குரல். பார்வை மீண்டபின் பாடிய பாட்டினும் அப்பாட்டு எவ்வகையிலும் தாழ்ந்ததன்று. திருவாரூரில் பாடிய 95ஆம் பதிகம், தேவாரத்தில் செந்துருத்திப் பண்ணில் அமைந்த ஒரே பதிகம் என்னும் தனிச்சிறப்புடையது. பாடும் ஆற்றல் கண்பார்வையைச் சார்ந்து நிற்கவில்லை என்பதற்குப் பதிகங்களே சான்று. அவ்வாறிருந்தும், கதை நம் நினைவில் நிறுத்தியிருப்பது பாட்டின் தகுதியைக் காட்டிலும் பார்வை மீண்ட அற்புதத்தையே.

மூன்றாவது, பகிர்வின் நோக்கு. முதுசூரியர், இளஞ்சூரியர் எனப்படும் இரட்டைப்புலவர் செங்குந்தர் மரபினர் என்பது வழக்கு. நெசவைத் தொழிலாகக் கொண்ட அம்மரபினர் காஞ்சியில் இன்றும் மிகுதியாக வாழ்கின்றனர். இருவருள் ஒருவர்க்குப் பார்வையில்லை. மற்றவர்க்கு நடக்க இயலாது. பார்வையற்றவர் மற்றவரைத் தோளில் சுமக்க, சுமக்கப்பட்டவர் வழி காட்டினார் என்றும், செய்யுளின் முற்பாதியை ஒருவர் தொடங்கப் பிற்பாதியை மற்றவர் முடித்தார் என்றும் மரபுச் செய்திகள் கூறுகின்றன. காஞ்சி இறைவன்மீது அவர்கள் பாடிய ஏகாம்பரநாதர் உலா, தில்லைக் கலம்பகம், திருவாமாத்தூர்க் கலம்பகம் ஆகியன தமிழ்ச் சிற்றிலக்கிய வரலாற்றில் நிலைபெற்றவை.

இவ்வரலாற்றில் யாருடைய குறையும் நீங்கவில்லை என்பதே இங்குக் கருதத்தக்கது. பணி இருவரிடையே பகுக்கப்படுகிறது. செய்யுள் முழுமையடைகிறது. அதன் யாப்பிலோ நயத்திலோ சலுகை எதுவும் கோரப்படவில்லை. மாற்றப்பட்டது செய்யும் முறை. மாறாதது செய்யுளின் தரம். இடைக்காலப் புலவர் இருவரை இக்காலக் கல்விக் கொள்கையின் முன்னோடிகளாக்குதல் இக்கட்டுரையின் நோக்கமன்று. நம் மரபுக்குள் இப்படியொரு தீர்வு எண்ணிப்பார்க்கப்பட்டிருந்தது என்பதே இங்கு நிறுவப்படுவது.

2. கேள்வி மரபும் அதன் எல்லையும்

தமிழ் இசையுலகம் மாற்றுத்திறனாளிகளை என்றும் ஏற்றே வந்துள்ளது என்னும் கருத்துக்குப் பார்வையற்ற மேதைகள் சான்றாகக் காட்டப்படுவர். புல்லாங்குழலைத் தனிக்கச்சேரிக் கருவியாக நிலைநிறுத்திய கும்பகோணம் சரப சாஸ்திரிகள் (1872-1904) பார்வையற்றவர். அவருடைய மாணவரான பல்லடம் சஞ்சீவ ராவ் வழியாக அக்குழல் மரபு தொடர்ந்தது. வயலின் மேதை எம். சந்திரசேகரன் சிறு வயதிலேயே பார்வையை இழந்தவர். தம் தாயார் சாருபாலா மோகனிடம் பயின்று, 2005ஆம் ஆண்டுக்கான சங்கீத கலாநிதி விருதைப் பெற்றார்.

இச்சான்றுகள் மெய்யானவை. ஆனால் அவை நிறுவுவது யாது? நம் இசை எழுத்தைச் சாராது செவிவழிக் கற்கப்படும் மரபினது. ஆசிரியர் பாட மாணவர் பின்பாடும் முறையில் பார்வையின்மை பெருந்தடையாவதில்லை. எனவே பார்வையற்றோர்க்குக் கதவு திறந்திருந்தமைக்குக் காரணம் மரபின் இயல்பான அமைப்பே. அவர்களுக்கெனச் செய்யப்பட்ட ஏற்பாடு எனக் கூற இடமில்லை. கற்றல் கல்லூரிக்குள் சென்று, சுரக்குறிப்பும் எழுத்துத் தேர்வும் முதன்மை பெற்றவுடன் அக்கதவும் பாதி சாத்தப்பட்டது. நம் சுரக்குறிப்பில் தாய் எழுத்துக்கு மேலும் கீழும் இடும் புள்ளி ஸ்தாயியைக் காட்டும்; மேற்கோடு காலத்தைக் காட்டும். தொட்டுப் படிக்கும் பிரெயில் முறையில் எழுத்துகள் ஒன்றன்பின் ஒன்றாகவே வர இயலும். ஆதலின் இக்குறிகளுக்குத் தனி எழுத்துகளும் ஒத்த வழக்கும் வேண்டும். 1829இல் லூயி பிரெயில் தம் முறையை வெளியிட்டபோதே இசையையும் அதில் சேர்த்திருந்தார். இந்திய மொழிகளுக்கான பாரதி பிரெயில் 1951இல் வரையறுக்கப்பட்டது. எழுத்துக்குக் கிடைத்த அந்தப் பொது வரையறைக்கு நிகரான இடம் கருநாடக இசைக்குறிப்புக்கும் நம் பாடநூல்களில் அளிக்கப்பட வேண்டும்.

மேலும், இம்மேதைகள் கூர்ந்த செவியும் தடையற்ற நாவும் விரலும் உடையோர். செவியோ, நாவோ, விரலோ, நினைவோ வேறுவிதமாக இயங்கும் குழந்தையைப் பற்றி இவர்களின் வரலாறு எதனையும் கூறவில்லை. பார்வையற்ற மேதையை முன்னிறுத்தி மரபின் உள்ளடக்கும் பண்பைப் போற்றும்போது, அம்மேதையின் நிழலில் ஏனைய குழந்தைகள் மறைந்துபோகின்றனர்.

3. சிகிச்சையும் கல்வியும்

அவ்வாறு மறைந்துபோன குழந்தைகளுக்கு இசை மறுக்கப்படவில்லை. சிகிச்சை என்னும் வேறு பெயரில் அது வழங்கப்படுகிறது. மேலைநாட்டில் இத்துறை நெடிய வரலாறுடையது. பால் நோர்டாஃப், கிளைவ் ராபின்ஸ் ஆகிய இருவரும் 1959இல் இங்கிலாந்தில் தொடங்கிய கூட்டுப்பணி இசைச் சிகிச்சைக்கு ஒரு நெறியை வகுத்துத் தந்தது. பதற்றம் தணிதல், கவனம் நிலைத்தல், பேச்சுக்குத் தூண்டுதல் முதலிய பயன்களை இக்கட்டுரை மறுக்கவில்லை. சிக்கல், சிகிச்சை கல்வியின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்போது எழுகிறது.

சிகிச்சையில் இசை கருவி. நோக்கம் நோயர் நலம். ஆகவே அங்கு மதிப்பிடப்படுவது நடத்தை மாற்றம். குழந்தை இன்று எத்தனை நிமிடம் அமர்ந்திருந்தது என்பது பதிவாகும். சுருதியில் நின்றதா, ஓர் இராகத்தை மற்றொன்றிலிருந்து பிரித்தறிந்ததா என்பது பதிவாகாது. கல்வியில் மாணவர் தவறு செய்வார், திருத்தப்படுவார், அடுத்த பாடத்திற்குச் செல்வார், ஒரு நாள் பிறர் முன் பாடுவார். பாடம், திருத்தம், அரங்கேற்றம் என்னும் இவ்வரிசை சிகிச்சையில் இல்லை. பத்தாண்டுகள் இசையோடு இருந்தும் ஒரு குழந்தை இசை மாணவராகக் கருதப்படாமற் போவது இதனால்தான். அருளின் நோக்கு இங்கு மருத்துவ மொழியில் மீண்டும் வருகிறது. பாட்டின் பயன் குறை நீங்குதலே என்னும் அப்பழைய எதிர்பார்ப்பில் மாற்றமில்லை. காமாட்சியின் இடத்தில் சிகிச்சையாளர் நிற்கிறார்.

இவ்வேறுபாட்டைத் தெளிவாக முன்வைத்தவர்களுள் இங்கிலாந்தின் ஆடம் ஆக்கல்ஃபோர்டு குறிப்பிடத்தக்கவர். இசையில் கல்வி, இசைவழிக் கல்வி என இரண்டையும் அவர் பிரித்துக் காட்டினார். அவர் முன்னின்று உருவாக்கிய 'சவுண்ட்ஸ் ஆஃப் இன்டென்ட்' என்னும் சட்டகம், கடுமையான கற்றல் இடர்ப்பாடுடைய குழந்தையின் இசை வளர்ச்சியை ஆறு நிலைகளாக வகுக்கிறது. ஒலியை உணர்தல், ஒலியைத் தானே எழுப்புதல், பிறரோடு இணைந்து ஒலித்தல் என்னும் மூன்று தளங்களிலும் இந்நிலைகள் அமைகின்றன. இங்கு அளக்கப்படுவது குழந்தையின் இசை, நோயின் அளவன்று. மேலைச் சட்டகத்தை அப்படியே பெயர்த்து நடுதல் பொருந்தாது. சுருதி, இராகம், தாளம் என்னும் நம் அடிப்படைகளில் அத்தகைய படிநிலைகளை வகுத்தல் தமிழ் இசை ஆய்வாளர்முன் உள்ள பணியாகும்.

4. தொடக்கநிலைப் பாடத்தின் உள்ளமைப்பு

புரந்தரதாசர் (1484-1564) வகுத்ததாகக் கருதப்படும் தொடக்கப் பாடமுறை மாயாமாளவகௌளை இராகத்தில் சரளி வரிசையோடு தொடங்கி, சண்டை வரிசை, அலங்காரம், கீதம் என வளர்கிறது. எளியது என நாம் கருதும் முதல் சரளி வரிசையில் மாணவர் ஒரே நேரத்தில் நான்கு செயல்களைச் செய்கிறார். சுரத்தின் பெயரைச் சொல்கிறார். அதன் ஒலிநிலையில் நிற்கிறார். கால அளவைக் காக்கிறார். தட்டியும் விரல் எண்ணியும் வீசியும் ஆதி தாளத்தைக் கையில் போடுகிறார். பின்னர் இவற்றையே இரண்டாம், மூன்றாம் காலங்களில் இரட்டித்த விரைவில் செய்ய வேண்டும். இந்நான்கும் ஒன்றாகவே நிகழ வேண்டும் என்னும் கட்டாயம்தான் பல குழந்தைகளை முதல் வாரத்திலேயே வெளியேற்றுகிறது.

இங்கு இரட்டைப்புலவர் நோக்கைப் பொருத்திப் பார்க்கலாம். மூளை முடக்குவாதமுடைய மாணவர்க்குச் சுண்டுவிரல் முதல் எண்ணுதல் இயலாமற் போகலாம். தாளத்தை உடன்பயிலும் மாணவர் போட, இவர் பாடலாம். தலையசைவாலோ தொடைமேல் கைவைத்தோ தாமே காலத்தைக் காக்கலாம். பேச்சு வராத மாணவர் தாளம் போட, மற்றவர் பாடலாம். பகுத்துக்கொண்டதால் வரிசை குறைபடுவதில்லை. நம் கச்சேரியிலும் பாடகர், வயலின், மிருதங்கம் என இசை பகுக்கப்பட்டே நிகழ்கிறது. கலைஞர்க்கு இயல்பாக அளிக்கப்படும் பகிர்வைத் தொடக்க மாணவர்க்கு மறுப்பதற்கு இசையியற் காரணம் இல்லை.

அறிவுசார் குறைபாடுடைய மாணவர்க்கு விரைவே தடையாகிறது. மூன்று காலமும் வந்தால்தான் அடுத்த வரிசை என்னும் வழக்கத்திற்கு மாற்றாக, முதல் காலத்திலேயே நின்று, அதே வரிசையைச் சங்கராபரணம், கல்யாணி எனப் பிற இராகங்களில் பாடச் செய்யலாம். விரைவை நோக்கிய வளர்ச்சி இராக அறிவை நோக்கித் திரும்பும். நயினாப் பிள்ளையின் ஊரில் லய ஆற்றலே மேன்மையின் அளவுகோலாகக் கருதப்பட்டால் அது வியப்பன்று. ஆயினும் உச்சநிலைக் கலைஞரின் அளவுகோல் தொடக்க மாணவரின் நுழைவுத் தகுதியாதல் பொருந்தாது.

செவித்திறன் குறையுடைய மாணவர்க்குப் பாட வரிசையையே மாற்றியமைக்க வேண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ்க் காக்ளியர் உள்வைப்புக் கருவி பெற்ற குழந்தைகள் இன்று பள்ளிகளில் பயில்கின்றனர். அக்கருவி பேச்சை முதன்மையாகக் கொண்டு அமைந்தது. அதன்வழிச் சுரத்தின் ஏற்ற இறக்கத்தை உணர்தல் கடினம், தாளத்தை உணர்தல் ஒப்பீட்டளவில் எளிது. இக்குழந்தையிடம் சரளி வரிசையோடு தொடங்குவது மிகக் கடினமானதை முதலில் வைப்பதாகும். சொற்கட்டிலும் மிருதங்கத்திலும் தொடங்கினால் நிலை வேறு. தொப்பியின் தாழ்ந்த ஒலியும் தவிலின் அதிர்வும் உள்ளங்கையிலும் மார்பிலும் உணரத்தக்கவை. செவித்திறனைப் பெரிதும் இழந்த தாளக் கலைஞர் ஈவ்லின் கிளெனி, தம் இளமையில் ஆசிரியரின் வழிகாட்டலில் சுவரில் கைவைத்து முரசின் அதிர்வை வேறுபடுத்தக் கற்றதை எடுத்துரைத்துள்ளார். நம் கருவிகளில் அதற்கான வாய்ப்பு மிகுதி. கடத்தை வாசிப்பவர் அதனைத் தம் வயிற்றோடு சேர்த்தே வைத்துக்கொள்கிறார்.

ஆட்டிசம் உடைய மாணவரிடையே சுரத்தின் தனிநிலையை நிலையாக நினைவிற்கொள்ளும் திறன் பிறரினும் மிகுதியாகக் காணப்படுவதை ஆக்கல்ஃபோர்டு உள்ளிட்ட ஆய்வாளர் சுட்டியுள்ளனர். அத்தகைய மாணவர்க்கு, பாடுபவரைப் பொறுத்துச் சட்சத்தின் இடம் மாறும் நம் முறை குழப்பம் தரக்கூடும். சில காலம் ஒரே சுருதியில் கற்பித்து, பின்னர் மெல்ல மாற்றுதல் தகும். மாறாத ஒழுங்குடைய வரிசைகள் அம்மாணவரின் விருப்பத்தோடு இயைவன என்பதும் கருதத்தக்கது. பிறர்க்குச் சலிப்பூட்டும் மீள்பயிற்சி இவர்க்கு வலிமையாகலாம்.

இவற்றால் தரம் தாழும் என்னும் மறுப்பு எழலாம். இங்கு முன்வைக்கப்படுபவற்றில் சுருதித் தூய்மையும் இராக இலக்கணமும் தளர்த்தப்படவில்லை. வரிசைமுறை, விரைவு, பணிப்பகுப்பு ஆகியனவே மாற்றப்படுகின்றன. காஞ்சிப் பட்டின் கோர்வை நெசவு இவ்வூரார் அறிந்த ஒப்புமை. சேலையின் உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் அமைய, மூன்று நாடாக்களைக் கொண்டு, பக்கத்தில் உதவியாள் ஒருவர் இருந்து நெய்யப்படுகிறது. இரு கைகள் கூடி நெய்ததால் அச்சேலையை எவரும் குறைவாக மதிப்பதில்லை; அதுவே விலையுயர்ந்ததாகிறது.

5. விதிகளும் சட்டமும்

பாடமுறை மாறினாலும் வாயில் குறுகியிருப்பின் பயனில்லை. மாவட்ட அரசு இசைப்பள்ளிகளின் சேர்க்கை அறிவிப்புகள் 12 முதல் 25 வரையிலான வயதைத் தகுதியாகக் குறிக்கின்றன. பயிற்சிக் காலம் மூன்றாண்டு. தேவாரம், நாதசுரம், தவில் பிரிவுகளுக்குத் தமிழில் எழுதப் படிக்கத் தெரிந்திருந்தால் போதும். பிறவற்றிற்கு ஏழாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். மரபுவழிக் கலைஞர் குடும்பத்துப் பிள்ளைகளின் நிலையறிந்து வகுக்கப்பட்ட நெகிழ்வான விதிகள் இவை. ஆனால் மெல்லக் கற்கும் மாணவர்க்கு மூன்றாண்டு என்னும் ஒரே அளவும், 25 என்னும் வயதெல்லையும் இரட்டைத் தடையாகின்றன. எழுத்தறியாத அறிவுசார் குறைபாடுடைய மாணவர் செவிவழியே ஒரு பதிகத்தைப் பண்ணோடு பாட வல்லவராயினும், எழுதப் படிக்கத் தெரிதல் என்னும் வரி அவரை நிறுத்திவிடக்கூடும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, முந்தைய 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஏழு வகைமைகளை 21 ஆக விரித்தது. அதன் 17ஆம் பிரிவு பாடத்திட்டத்திலும் தேர்வு முறையிலும் தகுந்த மாற்றங்கள் செய்ய வலியுறுத்துகிறது. பண்பாடு பற்றிய 29ஆம் பிரிவு, கலைப் பாடங்களை மாற்றுத்திறனாளிகள் பங்கேற்கும் வகையில் மறுவடிவமைத்தலையும் அரசின் கடமைகளுள் ஒன்றாகச் சுட்டுகிறது. 32ஆம் பிரிவு உயர்கல்விச் சேர்க்கையில் ஐந்தாண்டு வயதுத் தளர்வு அளிக்கிறது. இசைப்பள்ளி உயர்கல்வி நிறுவனம் அன்று. ஆகவே இத்தளர்வு தானாக அங்குப் பொருந்தாது. இதே அளவினை இசைப்பள்ளிக்கும் விரித்தல், மூன்றாண்டுப் பயிற்சியை ஐந்தாண்டு வரை நீட்டிக்க இடமளித்தல், எழுத்துத் தேர்வுக்கு மாற்றாகச் செய்முறைத் தேர்வு, தேவைப்படுவோர்க்கு இருவர் இணைந்து நிகழ்த்தும் தேர்வு ஆகியன பெருஞ்செலவின்றிச் செய்யக்கூடியவை.

ஆசிரியர் பயிற்சியும் இதனோடு இணைந்தது. முட்டுக்காட்டில் 2005இல் நிறுவப்பட்ட, பல்வகைக் குறைபாடுடையோர்க்கான தேசிய நிறுவனம், 2019இல் செங்கல்பட்டு தனி மாவட்டமாகும் வரை காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே இருந்தது. சிறப்புக் கல்வி அறிந்தோர் அங்கு உளர். இசை அறிந்தோர் காஞ்சி இசைப்பள்ளியில் உளர். ஒருவர் அறிந்ததை மற்றவர் அறியார். இருவரும் ஒரே வகுப்பறையில் இணைந்து கற்பிக்கும் ஏற்பாடு, மாணவரிடையே நாம் எதிர்பார்க்கும் பகிர்வை ஆசிரியரிடமிருந்தே தொடங்குவதாகும்.

முடிவுரை

காஞ்சியின் இலக்கிய மரபு உடற்குறையை மூவகையாக எதிர்கொண்டது. அறம் பசியைத் தீர்த்தது. அருள் குறையைத் தீர்த்தது. பகிர்வு, குறையைத் தீர்க்காமலேயே செய்யுளை முடித்தது. சிறப்புத் தேவையுடைய மாணவர்க்கான இன்றைய இசை, முதல் இரண்டு நோக்குகளின் எல்லைக்குள் பெரிதும் நிற்கிறது. பார்வையற்ற மேதைகளைப் போற்றும் மரபும், சிகிச்சையைக் கல்வியாகக் கருதும் வழக்கமும், பல செயல்களை ஒருங்கே கோரும் தொடக்கப் பாடமும், வயதையும் காலத்தையும் ஒரே அளவில் வரையறுக்கும் விதிகளும் அந்நிலையைத் தொடரச் செய்கின்றன. குழந்தையின் குறை நீங்கும் வரை இசைக்கல்வி காத்திருக்க வேண்டியதில்லை. தொடக்கநிலைப் பாடத்தைச் செயல்களாகப் பகுத்து, ஒவ்வொரு வகைத் தேவைக்கும் ஏற்ற படிநிலைகளை வகுத்தல் முதற்பணி. அவற்றை ஓர் இசைப்பள்ளியில் மூன்றாண்டுகள் நடைமுறைப்படுத்திப் பதிவுசெய்தல் அடுத்த பணி. இவ்விரண்டும் இசைத்துறை, கல்வியியல் துறை, தமிழ்த்துறை ஆய்வாளர்கள் கூடிச் செய்யத்தக்கவை. அதற்கான தொடக்கத்தைக் காஞ்சிபுரம் இசைப்பள்ளியின் மிருதங்க வகுப்பிலோ தேவார வகுப்பிலோ வரும் கல்வியாண்டிலேயே செய்ய இயலும்.